கூடை நிறையாத வாரங்கள்

ஆறு பருவங்களுக்கு முன் எங்கள் குடும்பம் ஒரு காய்கறிப் பங்குப் பண்ணையில் சேர்ந்தபோது, ஒரு பருவத்துக்கான காய்கறியை முன்பணம் கொடுத்து வாங்குகிறோம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். முதல் வாரக் கூடையில் இரண்டு கட்டுக் கீரையும், ஒரு கட்டு முள்ளங்கியும், கொஞ்சம் வெங்காயத்தாளும் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் எடை போட்டு, அதே அளவு கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கணக்கெழுதினேன். செலுத்திய தொகையை வாரங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது, அந்த வாரம் எனக்கு நட்டம் என்றே தெரிந்தது. கூடையின் எடையைக் கொண்டு பங்கின் மதிப்பை அளக்கும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போக ஏறத்தாழ ஒரு முழுப் பருவம் ஆயிற்று. புதிதாகச் சேருகிறவர்களில் பலர் அதே கணக்கை இன்றும் போடுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பங்கு என்பது விளைச்சலில் ஒரு பாகம். முதல் கீரைக்கட்டு கைக்கு வரும் முன்பே விதை, நாற்றுத் தட்டுகள், மட்கு உரம், நீர் இறைக்கும் மோட்டாரின் பழுதுச் செலவு, வேலையாட்களின் கூலி என்று பண்ணையின் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடுகிறது. அந்த மாதங்களில் விவசாயி வட்டிக்குக் கடன் வாங்காமல் இருக்கவே நாம் பருவத்துக்கு முன் பணம் கட்டுகிறோம். இன்னொரு நன்மையும் உண்டு. எத்தனை வீடுகளுக்கு விளைவிக்க வேண்டும் என்பது விதைக்கும்போதே தெரிந்துவிடுவதால், எத்தனை பாத்தி கத்தரி, எத்தனை பாத்தி அவரை என்று அளந்து விதைக்க முடிகிறது. விளைச்சல் பெருகினால் எல்லார் கூடையும் நிறையும். குறைந்தால் எல்லார் கூடையும் குறையும். சேரும் நாளில் இந்தக் கடைசி வரியைப் படித்துக் கையெழுத்திட்டிருந்தேன். ஆனால் அதை உண்மையில் புரிந்துகொண்டது மூன்றாவது பருவத்தில்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஊரையோ ஒரே ஆளையோ மூலமாகச் சொல்ல முடியாது. ஜப்பானில் 1970-களின் தொடக்கத்தில், பூச்சிக்கொல்லி எச்சங்களைக் கண்டு அஞ்சிய குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடி உடன்பாடு செய்துகொள்ளத் தொடங்கின. அந்த உறவுக்கு ‘டெய்கெய்’ என்று பெயர். 1971-இல் அங்கே இயற்கை வேளாண்மைக்கான சங்கம் உருவானது; 1978-இல் டெய்கெய் உறவுக்கான பத்து நெறிகள் வகுக்கப்பட்டன. விளைந்ததை எல்லாம் நுகர்வோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகளுக்கு வழிகாட்டிய வேளாண் பேராசிரியர் புக்கர் டி. வாட்லி, சிறு பண்ணைகள் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே கட்டணம் பெறும் முறையை வலியுறுத்திவந்தார். 1986-இல் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணையும் இந்த வகையில் இயங்கத் தொடங்கின. பிரான்சில் இதே வகைக் கூட்டமைப்பு 2001-இல் ஓபாய்ன் நகரில் ஒரு விவசாயத் தம்பதியின் முயற்சியால் தொடங்கியது. கூடை குறைந்தபோது மனம் வருந்தியவர்கள் இந்த இடங்களில் எல்லாம் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு ஒரு துணையாக இருந்தது.

எங்கள் பண்ணையில் ஒவ்வொரு பங்குக் குடும்பமும் பருவத்துக்கு நான்கு அரைநாள்கள் வேலைக்கு வர வேண்டும். என் முதல் வேலைநாளில் எனக்குத் தரப்பட்டது கேரட் பாத்தியில் களையெடுக்கும் வேலை. கேரட் விதை முளைக்க ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை எடுத்துக்கொள்ளும்; முளைத்து வரும் முதல் இலைகள் பார்ப்பதற்குப் புல்லைப் போலவே மெலிந்திருக்கும். நான் அரை வரிசையைப் புல்லென்று எண்ணிப் பிடுங்கிவிட்டேன். பண்ணையை நடத்தும் அக்கா அதைக் கண்டதும் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, “தம்பி, இந்த முள்ளங்கி முளைகள் ஒரே நேர்கோட்டில் நிற்பதைப் பாருங்கள். கேரட் விதையோடு இவற்றையும் கலந்துதான் விதைத்தோம். இவை நாலைந்து நாளில் முளைத்து வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். இந்தக் கோட்டில் இருக்கும் எதையும் தொடாதீர்கள், கோட்டுக்கு வெளியே இருப்பதை எடுங்கள்” என்றார். முள்ளங்கி ஒரு மாதத்துக்குள் அறுவடையாகி, கேரட்டுக்கு இடம் விட்டுவிடும். என் கையால் அழிந்த அரை வரிசையை அந்தப் பருவத்தில் மீண்டும் விதைக்க முடியவில்லை. கூடையில் கேரட் வந்த வாரங்களில் அந்த வரிசை என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

களையைப் பற்றி அங்கே கற்றது ஒன்று உண்டு. களை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்போது எடுப்பது தாமதமான வேலை. மண்ணை விரலால் மெல்லக் கீறினால் வெள்ளை நூல் போன்ற முளைகள் தெரியும். அந்த நிலையில் வெயில் காயும் ஒரு காலையில் களைக்கொத்தால் மேல்மண்ணை ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கிளறிவிட்டால் போதும், முளைகள் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். பத்து நாள் தள்ளிப்போட்டால் அதே பாத்திக்கு நான்கு பேர் மண்டியிட்டு வேலை செய்ய வேண்டிவரும். ஆகவே வேலைநாள்களைப் பங்குதாரர்களின் வசதிக்கு மட்டும் ஏற்பக் குறிக்காமல், விதைப்புக்குப் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களில் அடர்த்தியாக வைப்பதே பண்ணைக்கு உண்மையான உதவி.

பருவத்தின் நடுப்பகுதியில் சிக்கல் வேறு விதமாக வரும். வெண்டையையும் வெள்ளரியையும் ஓரிரு நாள்களுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் பிஞ்சு முற்றி நார்ப்பிடித்துப் போகும். முற்றிய காயைச் செடியில் விட்டால் செடி புதிதாகக் காய் பிடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். அதனால் பண்ணை பறித்துக்கொண்டே இருக்கிறது, கூடை வழிந்துகொண்டே இருக்கிறது, வீட்டில் காய் வாடிக்கொண்டே இருக்கிறது. முதல் ஆண்டில் எங்கள் வீட்டில் எவ்வளவு கெட்டுப்போயிற்று என்பதை எண்ணிப் பார்க்கவே எனக்கு வலிக்கிறது. பிறர் வியர்வையில் விளைந்த பொருளைக் குப்பையில் போடும்போது, அதற்குக் கொடுத்த பணத்தை விடப் பெரிய ஒன்றை இழக்கிறோம்.

கூடை வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கத் தொடங்கிய பிறகு இந்த இழப்பு மிகவும் குறைந்தது. முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவற்றின் தழையை உடனே நறுக்கிப் பிரித்துவிட வேண்டும். தழை இருக்கும்வரை அது கிழங்கிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முள்ளங்கித் தழையும் பீட்ரூட் தழையும் கீரையாகச் சமைக்கத் தகுந்தவை; அன்றோ மறுநாளோ சமைத்துவிடலாம். கீரையைக் கழுவினால் நன்றாக நீர் வடித்து, துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நீர் வடியாமல் வைத்தால் அழுகிவிடும். வாடி வந்த கீரையைக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். தக்காளியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணம் குன்றும். வெண்டை, கத்தரி, வெள்ளரி ஆகியவை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழிவிழுந்து கெடும். அவற்றை முதல் மூன்று நாள்களில் சமைத்துவிடுவதே நல்லது. பழுத்த தக்காளியும் பழங்களும் எத்திலீன் வாயுவை வெளியிடுவதால் அவற்றின் பக்கத்தில் கீரையையோ வெள்ளரியையோ வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் கொட்டி வைப்பது இரண்டையும் கெடுக்கும். இந்த வரிசையில் வைத்துவிட்டு, வாரத்தின் முதல் பாதியில் கீரையையும் பிஞ்சுக் காய்களையும், இரண்டாம் பாதியில் கிழங்குகளையும் பூசணியையும் சமைப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று.

பண்ணையில் வெயில் ஏறும் முன்பே பறித்து முடிக்க அவ்வளவு பரபரப்பது ஏன் என்பதும் இதோடு சேர்ந்தே விளங்கியது. பறித்த பிறகும் காயும் இலையும் சுவாசிக்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். நண்பகலில் பறித்த கீரைக்குள் வயலின் சூடு தங்கியிருக்கும். எந்தக் குளிர்பெட்டியும் அதன் ஆயுளை முழுமையாக மீட்டுத் தர முடியாது. பங்கு வாங்கும் இடத்துக்குத் தாமதமாக வருவது மரியாதைக் குறைவாக மட்டும் முடிவதில்லை. நம் கீரையின் ஆயுளிலேயே அது இரண்டு நாளைக் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது பருவத்தில் தக்காளி காய்பிடிக்கத் தொடங்கிய வேளையில் பதினொரு நாள் இடைவிடாமல் மழை பெய்தது. காற்றும் குளிர்ந்திருந்தது. இலைகளின் ஓரத்தில் நனைந்த திட்டுகள் தோன்றிக் கருகின, தண்டுகள் கறுத்தன, ஒரு வாரத்துக்குள் தக்காளிப் பாத்திகளில் முக்கால் பங்கு போய்விட்டது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் பரவிப் பஞ்சத்துக்கு வழிவகுத்த அதே நோயுயிரி தக்காளியையும் தாக்கும். ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் அது காற்றிலும் மழைத்துளியிலும் ஏறிப் பரவும். எங்கள் பண்ணையில் உருளைக்கிழங்குப் பாத்திகள் தக்காளிக்குப் பக்கத்திலேயே இருந்தன. மழை நின்ற பிறகும் நிலத்தில் இறங்க முடியவில்லை. ஈர மண்ணை மிதித்தால் அது இறுகி, அடுத்த பயிரின் வேருக்கும் இடம் கொடுக்காது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து விரலால் தட்டிப் பார்த்து, அது உதிர்ந்தால் மட்டுமே இறங்க வேண்டும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டோம். அடுத்து விதைக்க வேண்டியவையும் அதனால் தள்ளிப்போயின. ஐந்து வாரங்களுக்குக் கூடையில் இரண்டு மூன்று பொருள்களுக்கு மேல் வரவில்லை.

அந்த ஐந்து வாரங்களில் பண்ணைக்கு ஏற்பட்ட காயத்தில் பாதிதான் மழையால் வந்தது. மறுபாதி மௌனத்தால் வந்தது. பண்ணையை நடத்தியவர்கள் இரவு பகலாக வயலில் இருந்தார்கள்; என்ன நடக்கிறது என்று யாருக்கும் எழுத அவர்களுக்கு நேரமில்லை. பங்கு வாங்க வந்தவர்கள் பாதிக்கூடையைப் பார்த்துத் தாங்களாகவே காரணம் கற்பித்துக்கொண்டார்கள். நல்ல காய்கள் வேறெங்கோ விற்கப்படுகின்றன என்ற பேச்சுகூட எழுந்தது. அதை மறுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கே தகவல் தெரியாததால், நானும் அன்று வாய் திறக்காமல் நின்றேன். அந்த மௌனத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

நான்காவது வாரம் ஒரு கூட்டம் கூடியது. அக்கா வரவுசெலவு ஏட்டை மேசை மீது திறந்து வைத்தார். கருகிப்போன தக்காளிச் செடி ஒன்றையும் வேரோடு கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். விதைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, கையில் மீதம் எவ்வளவு என்பதை அவர் படித்து முடித்தபோது, அந்தப் பருவத்தில் குடும்பத்துக்கென்று அவர்கள் எடுத்துக்கொண்ட தொகை எங்களில் பலரின் ஒரு மாத வருமானத்துக்கும் குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கோபத்தோடு வந்தவர்களில் சிலர் அன்றே விலகினார்கள். பருவம் முழுவதும் ஒரே அளவில் காய்கறி கிடைத்தே ஆக வேண்டிய நிலையில் இருந்த அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கியவர்கள் சேர்ந்து சில முடிவுகளை எடுத்தோம். தக்காளியை மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணையாக, உருளைக்கிழங்கிலிருந்து விலகிய இரண்டு இடங்களில் நடுவது. பாத்திகளை உயர்த்தி, மழைத்துளி மண்ணை இலை மீது தெறிக்கவிடாதபடி வைக்கோல் மூடாக்கு இடுவது. கீழிலைகளைக் கிள்ளிச் செடிகளுக்கு இடையே காற்றோட்டம் விடுவது. ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஒரு சிறு தொகையைக் கெட்ட பருவத்துக்கான இருப்பாக ஒதுக்குவது. வாரந்தோறும் பண்ணை நிலவரத்தை எல்லாருக்கும் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்தக் கடிதம் எழுதத் தொடங்கிய பிறகுதான் பண்ணையை உண்மையாகப் பார்க்கக் கற்றேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூடை நாளுக்கும் முந்தைய மாலை வயலைச் சுற்றி வந்து, இந்த வாரம் என்ன வரும், அடுத்த வாரம் என்ன வரக்கூடும், எது சந்தேகம், ஏன் சந்தேகம் என்று அரைப் பக்கம் எழுதுவேன். நல்ல செய்தியை அழகாக எழுதுவதை விடக் கெட்ட செய்தியை முன்கூட்டி எழுதுவதே முக்கியம் என்பது என் அனுபவம். ‘அவரையில் பூ உதிர்கிறது, இரண்டு வாரங்களுக்கு அவரை வராது’ என்று முன்பே படித்தவர், அவரை இல்லாத கூடையை வாங்கும்போது ‘பூ இப்போது நிற்கிறதா?’ என்று கேட்கிறார். அதே கூடையை எதுவும் தெரியாமல் வாங்குகிறவர் ஏமாற்றத்தோடு திரும்பிப் போகிறார்.

தன்னார்வ உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குதாரர்கள் வந்து வேலை செய்தால் பண்ணைக்குக் கூலி மிச்சம் என்று வெளியிலிருப்பவர்கள் எண்ணுகிறார்கள். பழகாத பதினைந்து பேர் ஒரே காலையில் வந்து நின்றால், அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே விவசாயியின் காலைப்பொழுது கரைந்துவிடும். எங்கள் பண்ணையில் இது சீரானது, ஒவ்வொரு வேலைக்கும் பழகிய பங்குதாரர் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, ஒருவர் ஒரு பருவம் முழுவதும் ஒரே வேலைக்கு வருவது என்று வகுத்த பிறகுதான். குனிய முடியாத பெரியவர்கள் நிழலில் அமர்ந்து கீரைக் கட்டு கட்டுகிறார்கள். அவர்கள் கட்டும் கட்டுகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறுவதே இல்லை. குழந்தைகள் கூடைகளை எண்ணுகிறார்கள். ஒருவர் கணக்கு எழுதுகிறார். வண்டி வைத்திருப்பவர் தொலைவில் உள்ள வீடுகளுக்குக் கூடை கொண்டுபோகிறார். பச்சிளம் குழந்தை உள்ள வீட்டுக்கோ நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கோ வேலைநாள் கட்டாயமில்லை. கூலிக்கு வேலை செய்பவர்களின் நாள்களைத் தன்னார்வலர்களைக் காட்டிக் குறைக்கக் கூடாது என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம். இலை ஈரமாக இருக்கும்போது அவரை, பீன்ஸ் பாத்திகளுக்குள் யாரும் போகக் கூடாது. கையும் உடையும் பட்டு நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருப்பவர்கள் பறிப்புக்கும் கழுவலுக்கும் வரவே கூடாது.

கூடை வாங்கும் இடத்தில் ஒரு மாற்றுக்கூடை வைத்திருக்கிறோம். வேண்டாத ஒன்றை அதில் வைத்து, வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். பாகற்காயை யாரும் தொடாத நாளும் உண்டு. அன்று அதற்காகவே காத்திருக்கும் இரண்டு பாட்டிமார் பையை நிறைத்துக்கொண்டு போவார்கள். சிறு குடும்பங்கள் இரண்டு சேர்ந்து ஒரு பங்கு எடுத்தால், ஒவ்வொரு கூடையையும் இரண்டாகப் பிரிப்பதை விட ஆளுக்கொரு வாரம் முழுக்கூடையாக எடுத்துக்கொள்வது எளிது. பூசணியைப் பாதியாக வெட்டிய நாளிலிருந்து அது கெடத் தொடங்கிவிடும்.

நான்காவது ஆண்டு முதல் பங்குத் தொகையை நிர்ணயிக்கும் முறையையும் மாற்றினோம். ஜெர்மனியில் பல பங்குப் பண்ணைகள் பின்பற்றும் வழி அது. வரும் பருவத்தின் முழுச் செலவையும் பண்ணை முன்வைக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைப் பெயர் காட்டாமல் ஒரு தாளில் எழுதிப் போடுகிறது. மொத்தம் செலவுக்கு எட்டாவிட்டால் மீண்டும் ஒரு சுற்று எழுதுகிறோம். முதல் முறை மொத்தம் குறைவாகவே வந்தது. கூடத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இரண்டாவது சுற்றில் செலவுக்குத் தேவையானது சேர்ந்து கொஞ்சம் மிச்சமும் இருந்தது. யார் கூட்டி எழுதினார்கள், யாரால் குறைத்துத்தான் எழுத முடிந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவுக் கூடைதான்.

சேர எண்ணுகிறவர்கள் முதலில் சென்ற பருவத்தின் வாராந்தரப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நிறைந்த வாரங்களை விட்டு, மெலிந்த வாரங்களைப் பார்க்க வேண்டும். பயிர் பொய்த்தால் என்ன ஏற்பாடு, வர முடியாத வாரத்தின் கூடை யாருக்குப் போகும், கணக்கு எப்போது திறந்து காட்டப்படும், வேலை செய்பவர்களுக்கு என்ன கூலி என்பவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. நல்ல பண்ணை இந்தக் கேள்விகளால் வருத்தப்படாது. உங்கள் வீட்டில் வாரத்தில் எத்தனை நாள் அடுப்பு எரிகிறது என்பதை மட்டும் நீங்களே உண்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள்தான் சமைப்பீர்கள் என்றால், அரைப்பங்கே அதிகம்.

பருவம் முடியும் வாரங்களை நான் விரும்பிப் பார்க்கிறேன். வெங்காயத்தைப் பிடுங்கி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று வாரம் பரப்பி, கழுத்துப் பகுதி முற்றிலும் காய்ந்த பிறகே தாளை அறுக்கிறோம். பூசணியைக் காம்போடு பறித்துத் தோல் இறுகும்வரை உலரவைக்கிறோம். காலியான பாத்திகளில் பயறு வகைச் செடிகளை நெருக்கமாக விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறோம். வேலைநாள் முடிந்தும் யாரும் உடனே வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

இந்தப் பருவத்தின் முதல் கூடை நாளை. இன்று மாலை வயலைச் சுற்றி வந்து கடிதத்தை எழுதி முடித்தேன்: இரண்டு கட்டுக் கீரை, ஒரு கட்டு முள்ளங்கி, கொஞ்சம் வெங்காயத்தாள், வெண்டையில் நான்காவது இலை வந்திருக்கிறது, தக்காளிக்கு இன்னும் ஏழு வாரம் ஆகும், மழையைப் பொறுத்து ஒன்பதும் ஆகலாம்.